பிளட் கல்ச்சரின் அவசரம்

கென்யாவின் கடலோரத்தில் கிலிஃபி என்றோர் ஊர். அங்குள்ள மாவட்ட மருத்துவமனையில் 1998 முதல் 2002 வரை உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும், டாக்டர் எந்த நோயைச் சந்தேகித்திருந்தாலும், பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுத்துப் பார்த்தார்கள். 19,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். 2005-இல் முடிவுகள் அச்சாயின. மலேரியாவுக்குப் பேர்போன அந்தப் பகுதியில், மருத்துவமனையில் இறந்த குழந்தைகளில் 26 சதவீதத்தினர் வரும்போதே ரத்தத்தில் பாக்டீரியாவோடு வந்தவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்த நாளன்றே இறந்தார்கள். இரண்டு நாட்களுக்குள் இறந்தவர்கள் 70 சதவீதம். கல்ச்சரில் கிருமி வளர்ந்து கண்ணுக்குத் தெரிய ஒரு நாளாவது வேண்டும். அதன் பெயரும் அது எந்த மருந்துக்கு அடங்கும் என்ற விவரமும் தெரிய இன்னும் ஓரிரு நாள் வேண்டும். அப்படியென்றால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆய்வகத்தின் விடை வந்தபோது கேட்க ஆளில்லை. இதைப் படிக்கும் எவருக்கும் உடனே தோன்றுவது, ஆய்வகம் இன்னும் வேகமாக இயங்க வேண்டும் என்பதுதான். ஆனால் ரத்தத்தில் கிருமி தேடும் கலையின் ஏறத்தாழ 150 ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் வேறொரு கேள்வி முந்திக்கொள்கிறது: விரைவாகத் தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? ஒவ்வொரு காலகட்டத்திலும் ஆய்வகத்தின் அவசரத்துக்கு மதிப்பு வைத்தது ஆய்வகம் அல்ல, கையிலிருந்த மருந்துதான். மருந்து இல்லாதபோது அவசரமும் இல்லை. மருந்து வந்ததும் அவசரம் வந்தது. மருந்து தீங்கு செய்யவும் தோற்கவும் தொடங்கியபோதுதான் விரைவு என்பதற்கு முழுப் பொருள் கிடைத்தது. குழந்தைகள் விஷயத்தில் இது பெரியவர்களைவிடப் பல மடங்கு உண்மை.

1879 மார்ச்சில் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் பிரசவக் காய்ச்சலைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். லூயி பாஸ்டர் குறுக்கிட்டு, தாயைக் கொல்வது இதுதான் என்று சங்கிலியாய்ச் சேர்ந்த சிறு புள்ளிகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். இன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று நாம் அழைக்கும் கிருமி அது. நோயாளிகளின் ரத்தத்தையும் கருப்பைக் கழிவையும் ஊட்டச்சாற்றில் இட்டு வளர்த்து அவர் அதைக் கண்டிருந்தார். அடுத்த எட்டாண்டுகளில், பிற்காலத்து ஆய்வகத்தின் எலும்புக்கூடு முழுவதும் உருவாகிவிட்டது. ராபர்ட் காக் 1881-இல் திடமான பரப்பில் கிருமிகளைத் தனித்தனியாக வளர்த்துக் காட்டினார். அவர் பயன்படுத்திய ஜெலட்டின் உடல் வெப்பத்தில் உருகிவிடும். அதற்கு மாற்றாகக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரைச் சொன்னவர் ஃபேன்னி ஹெஸ்ஸே. காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றியவரின் மனைவியான அவர், சமையலறையில் அகாரைக் கையாண்டு பழகியிருந்தார். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கிருமிகளை இரண்டு பெரும் வகையாகப் பிரிக்கும் சாயமுறையைக் கண்டார். 1887-இல் பெட்ரியின் மூடித்தட்டு வந்தது. ஊட்டச்சாறு, அகார் தட்டு, கிராம் சாயம், 37 டிகிரி வெப்பப் பெட்டி: இந்த நான்கையும் கொண்டு 1890-இல் பயிற்சி பெற்ற ஒருவர் இன்றைய சிறு நகர ஆய்வகத்துக்குள் நுழைந்தால் பாதி வேலையை அடையாளம் கண்டுகொள்வார்.

இந்தக் கலையில் குழந்தை மருத்துவர்களின் பங்கு தொடக்கத்திலேயே உண்டு. இப்போது ஈகோலை எனப்படும் கிருமியை 1885-இல் விவரித்த தியோடர் எஷரிக், பச்சிளங்குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்த குழந்தை மருத்துவர். ரத்தக் கல்ச்சரை அமெரிக்க மருத்துவமனைகளில் வழக்கமாக்கியவர்களில் முதன்மையானவரான நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் எமானுவேல் லிப்மன் அந்த எஷரிக்கிடம் பயின்றவர். ஆனால் கைக்குழந்தையிடமிருந்து ரத்தம் எடுப்பதே பெரும்பாடு. கையில் சிரை அகப்படாதபோது, மூடாத உச்சிக்குழி வழியாக ஊசியைச் செலுத்தி மூளையின் மேற்புறம் ஓடும் பெரிய ரத்தக் குழாயிலிருந்து எடுக்கும் வழக்கம் இருந்தது. 1915-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ்க் கட்டுரை, கைக்குழந்தைகளுக்கு இதுவே உகந்த இடம் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு அது பரவியிருந்தது. இவ்வளவு ஆபத்தை மேற்கொண்டு எடுத்த ரத்தம் என்ன பயனைத் தந்தது? பெயரைத் தந்தது, பிழைக்குமா என்பதற்கு ஒரு குறிப்பைத் தந்தது. இதய உள்ளுறைத் தொற்றில் கல்ச்சர் பாசிட்டிவ் என்றால் மரணம் ஏறக்குறைய உறுதி. விடை நாளைக்கு வந்தாலும் அடுத்த வாரம் வந்தாலும் செய்யக்கூடியது ஒன்றுதான். அதனால் சாற்றுக் குடுவையை வாரக்கணக்கில் வைத்துத் தினம் ஒருமுறை கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பதை யாரும் மெத்தனம் என்று சொல்லவில்லை. தொழில்நுட்பம் பின்தங்கியிருந்ததால் மட்டும் வந்த தாமதம் அல்ல அது. விரைந்து அறிவதால் எந்த ஆதாயமும் இல்லாத தாமதம்.

அந்த யுகத்தில் ரத்தக் கல்ச்சருக்கு விரைவு தேவைப்பட்ட பெரிய நோய் டைபாய்டு. ஊரைக் காக்க நோயாளியைப் பிரித்து வைக்க வேண்டும், அதற்கு நோயைச் சீக்கிரம் உறுதிசெய்ய வேண்டும். கிருமியை 1880-இல் எபெர்த் கண்டார், 1884-இல் காஃப்கி வளர்த்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருதின் பித்தநீரைச் சேர்த்த ஊடகம் டைபாய்டு கிருமியை ரத்தத்திலிருந்து எடுப்பதை எளிதாக்கியது. இதற்கிடையே 1896-இல் ஃபெர்னான் வைடால் வேறொரு வழி சொன்னார்: கிருமியைத் தேடாமல், அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய பொருளை ரத்தச் சீரத்தில் தேடலாம். கிருமிகள் கட்டிக் கட்டியாகத் திரண்டால் பாசிட்டிவ். தமிழ்நாட்டில் காய்ச்சல் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய எந்தப் பெற்றோருக்கும் வைடால் டெஸ்ட் தெரியும். நம் தெருமுனை லேப்களில் அது இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதன் துல்லியம் அல்ல, வேகம். கண்ணாடித் தகட்டில் செய்யும் முறையில் நிமிடங்களில் விடை வந்துவிடும். ஆனால் டைபாய்டு நிரந்தரமாக உலவும் ஊரில், முன்பு எப்போதோ வந்துபோன தொற்றோ போட்ட தடுப்பூசியோ வேறு கிருமியோகூட அதே விடையைத் தரும். நோயின் தொடக்க நாட்களில் உண்மையான டைபாய்டு நெகட்டிவாகவும் வரும். இரண்டு வாரம் விட்டு இரண்டு மாதிரி எடுத்து ஒப்பிட்டால் ஓரளவு பொருள் உண்டு. அப்படிச் செய்தால் வேகம் போய்விடும். சரியான சோதனை மெதுவாக இருந்தால் அந்த இடத்தைத் தவறான சோதனை வேகத்தால் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு 120 ஆண்டுகளைக் கடந்த சாட்சி வைடால். விரைவை எதிர்ப்பதற்கான வாதமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல சோதனையை விரைவாக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

1935-இல் டோமாக் அறிவித்த புரோண்டோசில் என்ற சல்ஃபா மருந்து, அடுத்த ஆண்டு லண்டன் குயீன் சார்லட் மருத்துவமனையில் கோல்புரூக்கின் கையில் பிரசவக் காய்ச்சல் மரணங்களைக் குறைத்தது. 1940-களில் பெனிசிலின். 1948-இல் கோலாலம்பூரில் வுட்வர்டும் அவர் குழுவினரும் குளோராம்பெனிகால் டைபாய்டைக் குணப்படுத்துகிறது என்று காட்டினார்கள். ஒரு பதினைந்து ஆண்டுக்குள் கல்ச்சரின் விடை நோயைப் பெயரிடும் குறிப்பு என்ற நிலையிலிருந்து மருந்தைத் தீர்மானிக்கும் உத்தரவு என்ற நிலைக்கு உயர்ந்தது. ஆனால் அந்த உயர்வோடு ஒரு முரண்பாடும் வந்தது. மருந்து கையில் இருக்கும்போது எந்த மருத்துவரும் மூன்று நாள் காத்திருக்க மாட்டார்; காத்திருக்கவும் கூடாது. ரத்தத்தை எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்குவது முறையாகிவிட்டது. அப்போதே ஆய்வகம் ஒரு விதத்தில் தோற்றது. சிகிச்சையைத் தொடங்குவதற்கு அது எந்தக் காலத்திலும் தேவைப்படப்போவதில்லை என்பது முடிவானது. பிறகு வந்த எழுபது ஆண்டு முன்னேற்றங்களைப் பற்றிய பேச்சில், சீக்கிரம் கண்டுபிடித்தால் சீக்கிரம் மருந்து கொடுக்கலாம் என்று சொல்லப்படும்போதெல்லாம் இந்த உண்மை மறைந்துவிடுகிறது. மருந்து ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. ஆய்வகம் செய்யக்கூடியது அந்த மருந்தைத் திருத்துவதும் நிறுத்துவதும்தான்.

நிறுத்துவது அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். கிருமி இல்லாத குழந்தைக்கு நாலு நாள் கூடுதலாக மருந்து போனால் என்ன கெட்டுவிடும்? இதற்கான பதிலைக் குறைமாதக் குழந்தைகள் தங்கள் உயிரால் எழுதினார்கள். 1950-களில் அமெரிக்க மருத்துவமனைகளில், தொற்று இருக்குமோ என்ற ஐயத்திலேயே குறைமாதக் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் குழுவினர் 1956-இல் வெளியிட்ட ஆய்வில், பெனிசிலினோடு சல்ஃபா மருந்து பெற்ற குழந்தைகள் மற்ற பிரிவினரைவிட அதிகம் இறந்திருந்தார்கள். மஞ்சள் காமாலையின் நிறமி மூளையில் படிந்திருந்தது. சல்ஃபா அதற்கு வழிவிட்டது பிறகு புரிந்தது. 1959-இல் வந்த லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு இன்னும் கடுமையானது. தொற்று வரக்கூடும் என்று அஞ்சிய குறைமாதக் குழந்தைகளை நான்கு பிரிவாக்கினார்கள். மருந்தே பெறாதவர்களில் 19 சதவீதமும், பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் பெற்றவர்களில் 18 சதவீதமும், குளோராம்பெனிகால் பெற்றவர்களில் 60 சதவீதமும், மூன்றையும் பெற்றவர்களில் 68 சதவீதமும் இறந்தார்கள். முதிராத ஈரலால் அந்த மருந்தைக் கழிக்க முடியவில்லை. உடல் சாம்பல் நிறமாகி ரத்த ஓட்டம் நின்றது. கோலாலம்பூரில் உயிர் காத்த அதே மருந்து அது. முன்னெச்சரிக்கை என்று நினைத்துச் செய்யும் சிகிச்சைக்கும் விலை உண்டு என்பதையும், அந்த விலையைப் பெரியவர்களைவிடப் பிறந்த குழந்தையே அதிகம் கொடுக்கிறது என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. ரத்தத்தில் கிருமி இல்லை என்ற விடைக்கு அன்றுதான் முதன்முறையாக மதிப்பு வந்தது.

இயந்திரம் வந்தது இதற்குப் பிறகே. பாக்டீரியா சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடும். அந்தச் சர்க்கரையில் கதிரியக்கக் கார்பன்-14-ஐ வைத்தால், வெளிவரும் வாயுவை எண்ணியே வளர்ச்சியை அறியலாம். சாறு கலங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டெலேண்டும் வாக்னரும் 1969-இல் இந்த வழியைக் காட்டினார்கள். 1971-இல் கிட்டத்தட்ட 3,000 ரத்தக் கல்ச்சர்களில் அதைத் தானியங்கியாகச் சோதித்த முடிவு வந்தது. இதுவே பாக்டெக் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய கருவி. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அங்கே உயிர் இருக்கிறதா என்று மண்ணைச் சோதித்ததும் இதே கார்பன்-14 தத்துவத்தால்தான். 1980-களில் கதிரியக்கத்தின் இடத்தை அகச்சிவப்புக் கதிர் பிடித்தது. 1990-இல் பாட்டிலின் அடியில் நிறம் மாறும் உணரியை வைத்து, பாட்டிலைத் திறக்காமலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் கருவி வந்தது. காலையில் ஒருமுறை வந்து குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் வேலை அத்தோடு முடிந்தது. இத்தனை சாதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. ஈகோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். பாட்டிலுக்குள் பத்துக் கிருமி போனால், உணரி கவனிக்கும் அளவுக்கு மில்லிக்கு ஒரு கோடிக்கு மேல் பெருக எட்டு, ஒன்பது மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தை எந்தப் பொறியாளராலும் குறைக்க முடியாது. இயந்திரம் குறைத்தது கிருமி வளரும் நேரத்தை அல்ல, வளர்ந்த கிருமி யாரும் பார்க்காமல் கிடந்த நேரத்தை. முதல் பெரிய வெற்றியே கவனிப்பாரற்ற மணிகளை ஒழித்ததால் வந்தது என்பதை மனத்தில் கொண்டால், மிச்சமிருக்கும் தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது எளிது.

அது ஒளிந்திருக்கும் முதல் இடம் ஊசிமுனை. ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே 80, 90 மில்லி. அதில் ஒரு மில்லி எடுத்தாலே நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பெரியவரிடம் 20 மில்லி எடுக்கும் இடத்தில் குழந்தையிடம் அரை மில்லி எடுத்து அனுப்பும் வழக்கத்துக்கு ஓர் ஆறுதல் இருந்தது: 1974-இல் வந்த ஓர் ஆய்வு, ஈகோலைத் தொற்றுள்ள பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி ஏராளமாக இருப்பதாகக் காட்டியிருந்தது. கொஞ்சம் எடுத்தாலும் அகப்படும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. 1990-களின் நடுவில் அது ஆட்டம் கண்டது. பிறந்து இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் பலரிடம் கிருமி மில்லிக்குப் பத்துக்கும் குறைவாகவே இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னது. அவ்வளவு குறைவாக இருக்கும்போது அரை மில்லி போதாது, ஒரு மில்லியாவது வேண்டும் என்று இன்னொரு ஆய்வகச் சோதனை காட்டியது. ஏரியில் ஒரு குவளை மொண்டு மீன் இல்லை என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குறைந்த அளவு ரத்தத்துக்கேற்பக் குழந்தைகளுக்கான தனிப் பாட்டில்கள் வந்தன. ஏற்கெனவே ரத்தத்தில் கலந்த ஆன்டிபயாடிக்கை உறிஞ்சிக்கொள்ளும் ரெசினும் கரியும் அவற்றில் சேர்ந்தன. பாட்டில் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அதற்குள் நுழையாத கிருமி வளராது. டைபாய்டிலேயே ஒரு தடவை எடுக்கும் கல்ச்சர் பத்தில் ஆறு பேரைத்தான் பிடிக்கிறது என்பது பல ஆய்வுகள் சேர்ந்து தந்த மதிப்பீடு. நேரம் என்பது கருவியின் திரையில் தொடங்குவதில்லை. நர்ஸின் கையில் தொடங்குகிறது.

இரண்டாவது இடம் நம் சந்தேகத்தின் எல்லை. 1973-இல் ஓர் அமெரிக்கக் குழந்தைகள் புறநோயாளிப் பிரிவில், பார்வைக்கு அவ்வளவு மோசமாகத் தெரியாத காய்ச்சல் குழந்தைகளில்கூடச் சிலருக்கு ரத்தத்தில் கிருமி இருப்பது கண்டறியப்பட்டது. பெரும்பாலும் நியூமோகாக்கஸ், பிறகு ஹீமோஃபிலஸ். அதிலிருந்து கால் நூற்றாண்டு, காய்ச்சலோடு வந்த சின்னக் குழந்தைக்கெல்லாம் கல்ச்சர் எடுப்பது அங்கே வழக்கமாயிற்று. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் ஹீமோஃபிலஸ் தடுப்பூசி, 2000-இல் நியூமோகாக்கஸ் தடுப்பூசி. அந்த இரண்டும் பரவிய இடங்களில் இந்த மறைந்திருக்கும் தொற்று மிக அரிதானது. விளைவு விசித்திரமானது: நலமாகத் தோன்றும் குழந்தைகளிடம் எடுத்த கல்ச்சரில், உண்மைக் கிருமியைவிடத் தோலிலிருந்து ஊசியோடு வந்த கிருமியே அதிகம் வளர்ந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் கல்ச்சர் என்ற விதி பொருளிழந்தது. கருவி எவ்வளவு விரைவோ அவ்வளவு விரைவாகப் பொய்ப் பாசிட்டிவும் வரும். குழந்தை திரும்பவும் மருத்துவமனைக்கு அழைக்கப்படும். தேவையில்லாத மருந்து தொடங்கும். எந்தக் குழந்தைக்கு எடுப்பது என்ற தேர்வும், தோலை எப்படிச் சுத்தம் செய்வது என்ற ஒழுக்கமும் இல்லாத இடத்தில் வேகம் தவறை வேகமாக்கும்.

தாமதம் ஒளிந்திருக்கும் மூன்றாவது இடம், மருந்து தோற்ற காலம் உண்டாக்கியது. 1972-இல் கோழிக்கோட்டில் டைபாய்டு கிருமி குளோராம்பெனிகாலுக்கு அடங்காமல் பரவியது. கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவக்கூடிய எதிர்ப்பாற்றல் அது என்று அங்குள்ள மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அதே ஆண்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். கிருமியின் பெயர் தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும் என்ற ஒப்பந்தம் அங்கே முறிந்தது. டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் 2011 முதல் 2014 வரை 13,530 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு இதன் இன்றைய முகம். கல்ச்சரில் கிருமி உறுதியான குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தார்கள். முன்னிலையில் நின்றவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈகோலை. அசினெட்டோபாக்டர்களில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காதவை. இப்படிப்பட்ட வார்டில் வழக்கமான முதல் மருந்தைத் தொடங்குவது சிகிச்சை தொடங்கியதாகவே ஆகாது. மருந்து போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் குழந்தைக்குச் சிகிச்சை இல்லை. எந்த மருந்துக்கு அடங்கும் என்ற விடையின் ஒவ்வொரு மணியும் உயிரோடு தொடர்புடையதாக மாறியது இந்த இடத்தில்தான். ஆய்வகத்தின் அவசரத்துக்கு வரலாற்றிலேயே அதிக மதிப்பு வைத்திருப்பது எதிர்ப்பாற்றல் கொண்ட இந்தக் கிருமிகள்.

இந்தச் சூழலில்தான் கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளின் கருவிகளை மதிப்பிட வேண்டும். லேசரால் கிருமியின் புரதங்களைப் பறக்கவிட்டு, அவற்றின் எடையை வைத்துப் பெயர் சொல்லும் மால்டி-டாஃப் முறை 2009 வாக்கில் அன்றாட ஆய்வகத்துக்கு வந்தது. அதன் அடித்தள வேலைக்காகக் கோயிச்சி தனாக்கா 2002-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றிருந்தார். பாசிட்டிவான பாட்டிலிலிருந்து ஒரு மணிக்குச் சற்று மேலான நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கிருமிகளையும் சில எதிர்ப்பு மரபணுக்களையும் சொல்லும், மரபணுவைப் பெருக்கித் தேடும் பிசிஆர் பேனல்கள் 2013-இலிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2015-இல் வெளிவந்த ஒரு சோதனை இதற்கெல்லாம் சரியான அளவுகோலை வைத்தது. பாட்டில் பாசிட்டிவான 617 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். பழைய முறையில் கிருமியின் பெயர் வர 22.3 மணி நேரம், பேனலில் 1.3 மணி நேரம். ஆனால் பல வகைக் கிருமிகளைத் தாக்கும் பரவல் மருந்தை விட்டு, சிலவற்றை மட்டும் தாக்கும் குறுகிய மருந்துக்கு இறங்க, பழைய முறையில் 34 மணி நேரமும், பேனல் மட்டும் கொடுத்த பிரிவில் 38 மணி நேரமும் ஆயின. பேனலின் விடையை வாங்கி உடனே மருத்துவரிடம் பேசும் ஆன்டிபயாடிக் ஆலோசகர் சேர்ந்த பிரிவில் மட்டும் அது 21 மணி நேரமானது. இறப்பு விகிதத்தில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. பெயரை 21 மணி நேரம் முன்னதாகச் சொல்லியும், அதைக் கையில் எடுத்துப் போய்ப் பேச ஆளில்லாத இடத்தில் பரவல் மருந்திலிருந்து குறுகிய மருந்துக்கு இறங்குவது ஒரு மணிகூட முன்னதாக நடக்கவில்லை.

இங்கே மூன்று மறுப்புகள் எழும். முதல் மறுப்பு: கிலிஃபியைப் போல முதல் நாளிலேயே குழந்தை இறக்கும் இடத்தில், திருத்துவதும் நிறுத்துவதும் என்ன பேச்சு? அங்கே தேவை உடனடி மருந்துதானே? உண்மைதான். நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிறுவனின் மரணத்துக்குப் பிறகு 2013-இல் வந்த விதிகள், செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) உள்ள குழந்தைக்குக் கல்ச்சர் எடுத்தல், ஆன்டிபயாடிக், உப்புநீர் ஆகிய மூன்றையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கச் சொன்னன. 2018-இல் அதன் விளைவை ஆராய்ந்தபோது, மூன்றையும் சேர்த்து முடித்த குழந்தைகளிடம் இறப்பு குறைவாக இருந்தது. தனித்தனியாக எடுத்தால் எந்த ஒன்றும் தெளிவான பயனைக் காட்டவில்லை. அந்த மூன்றில் கல்ச்சரும் ஒன்று, அதுவும் மருந்துக்கு முன்னால். மருந்து போன பிறகு எடுத்தால் கிருமி அகப்படும் வாய்ப்பு வேகமாகச் சரியும் என்று பெரியவர்களிடம் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. மேலும் கிலிஃபியின் கல்ச்சர்கள் அந்தந்தக் குழந்தைக்கு உதவவில்லை என்றாலும், அந்த ஊருக்கு எந்த முதல் மருந்து, எந்தத் தடுப்பூசி என்பதை அவையே சொல்லின. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைத்த 2017-2020 டைபாய்டு கண்காணிப்பும் அத்தகையது. வேலூர் உள்ளிட்ட நகரப் பகுதிகளில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 பேர் வரை டைபாய்டு வருவதை அது கணக்கிட்டுக் காட்டியது. அந்தக் கணக்கை எந்த வைடாலும் தந்திருக்காது. மெதுவான சோதனைகூட அடுத்த குழந்தைக்கு முந்தியே வந்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு: கல்ச்சரையே தூக்கிப் போட்டுவிட்டு ரத்தத்திலிருந்து நேரடியாக மரபணுவைத் தேடினால் எல்லாத் தாமதமும் தீருமே? அந்தத் திசையில் கருவிகள் வந்துவிட்டன. அவற்றால் நன்மையும் உண்டு. ஆனால் அரை மில்லி ரத்தத்தில் இல்லாத கிருமி மரபணுச் சோதனைக்கும் இல்லை. செத்த கிருமியின் மிச்சத்தைக்கூட அது உயிருள்ளதாகக் காட்டக்கூடும். பட்டியலில் இல்லாத கிருமியையும், மரபணு அறியப்படாத எதிர்ப்பாற்றலையும் அது சொல்லாது. டெல்லி ஆய்வு காட்டிய கிருமிகளுக்கு உயிருள்ள கிருமியை மருந்தோடு மோதவிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு நம்பகமான வழி இன்னும் இல்லை. மூன்றாவது மறுப்பு பணம். பேனல் ஒன்றின் விலை நம் அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாகாது என்பது சரிதான். ஆனால் மேலே கண்ட வரலாற்றில் மிகப் பெரிய இழப்புகள் எல்லாம் விலையில்லாத இடங்களில் இருந்தன: போதிய அளவு ரத்தம், சுத்தமான தோல், இரவிலும் பாட்டிலைக் கருவியில் ஏற்றுவது, கிராம் சாயத்தின் விடையைக் காகிதத்துக்குக் காத்திராமல் போனில் சொல்வது. 2018-இல் ஐரோப்பிய நிபுணர் குழு வெளியிட்ட விரைவு முறை, பாசிட்டிவான பாட்டிலிலிருந்து நேராகத் தட்டில் பூசி, வழக்கமான அதே மருந்து வில்லைகளை வைத்து, 4, 6, 8 மணி நேரத்தில் படிக்கச் சொல்கிறது. அதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். அந்த நேரத்தில் தட்டைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஆக, புதிய சோதனை ஒன்று எத்தனை மணி நேரத்தில் விடை தருகிறது என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். 2012-இல் பிரிட்டனின் வழிகாட்டுநெறி, பிறந்த குழந்தைக்குத் தொடங்கிய ஆன்டிபயாடிக்கை, கல்ச்சர் நெகட்டிவாகவும் குழந்தை தெளிவாகவும் இருந்தால் 36 மணி நேரத்தில் நிறுத்துவதைப் பரிசீலிக்கச் சொன்னது. அதைச் சாத்தியமாக்கியது தொடர்ந்து கண்காணிக்கும் கருவி. அதைப் பயனாக்குவது 36-ஆம் மணியில் ஆய்வகமும் வார்டும் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. ஒரு மருத்துவமனை உண்மையில் விரைவானதா என்று அறிய விரும்புபவர் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்ல வேண்டும்: ரத்தம் எடுத்த நேரம், பாட்டில் கருவியில் ஏறிய நேரம், விடையால் மருந்து மாறிய அல்லது நின்ற நேரம். முதல் நேரத்துக்கும் மூன்றாவது நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் குழந்தை வாழும் நேரம். கருவி விற்பவர் சொல்லும் மணிக்கணக்கு அதன் நடுவில் ஒரு துண்டு மட்டுமே. மருந்தின் வரலாறு ஆய்வகத்துக்கு அவசரத்தைக் கற்றுக்கொடுத்தது. அந்த அவசரம் மருந்துச் சீட்டில் மாற்றமாக முடியாதபோது, இயந்திரத்துக்குச் செலவிட்ட பணம் குழந்தையைச் சென்றடையவில்லை என்றுதான் கணக்கு எழுத வேண்டும்.